ஒக்டோபர் மழைக்கு முன் புதுத் தோட்டம்: கொழும்பு மாவட்டத்து வளவுகளுக்கான கேள்வி பதில்

ஹோமாகம, பாதுக்க, ஹங்வெல்ல, கொஸ்கம, அவிசாவளை பக்கங்களில் கொஞ்சம் காணியோடு வீடு வைத்திருந்து, பெரும்போகத்துக்கு முதன்முறையாக மரக்கறித் தோட்டம் போட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அளவுகள் எல்லாம் 10 அடி நீளம், 4 அடி அகலம் கொண்ட ஒரு பாத்திக்கு.

வேலையை எந்த மாதம் தொடங்குவது?

ஓகஸ்ட் நடுப்பகுதியில். கொழும்பில் ஓகஸ்ட் மாதச் சராசரி மழை 120 மில்லிமீற்றர் அளவில்தான். செப்டெம்பரில் அது இரட்டிப்பாகும். ஒக்டோபரில் 350ஐத் தொடும், நவம்பரிலும் 300க்குக் குறையாது. டிசம்பரோடு மழை ஒதுங்கி, ஜனவரியில் 60 மில்லிமீற்றர்தான் விழும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தாலே தோட்ட வேலையின் ஒழுங்கு விளங்கும். மண்ணைக் கொத்த முடிவது ஓகஸ்டிலும் செப்டெம்பர் மூன்றாம் வாரம் வரையிலும். அதற்குப் பிறகு நனைந்த மண்ணை மிதித்துக் கொத்தினால், காய்ந்ததும் கட்டி கட்டியாக இறுகிப்போகும். அந்தப் போகம் முழுக்க வேர் இறங்காது.

ஓகஸ்ட் 15 முதல் களையும் வடிகானும், செப்டெம்பர் முதல் வாரம் டொலமைட்டு (மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூள்), மூன்றாம் வாரம் கூட்டெருவும் பாத்தியும், மாதக் கடைசியில் முதல் விதை. இந்த வரிசையில் ஒரு வாரம் பிந்தினால் பரவாயில்லை. வடிகானைப் பிறகு வெட்டலாம் என்று விட்டால் மட்டும் மீளவே முடியாது.

வெளிநாட்டு வீடியோக்களில் ‘ஃபோல் கார்டன்’ (இலையுதிர்காலத் தோட்டம்) என்று செப்டெம்பரில் கோவா, கரட், கீரை நடுகிறார்கள். அதையே பின்பற்றலாமா?

அவர்களுடைய கணக்கு வேறு. அங்கே முதல் உறைபனி விழும் நாளைக் குறித்துக்கொண்டு, பயிர் முதிர எடுக்கும் நாட்களை அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கிறார்கள். குளிரும் குறுகிக்கொண்டே போகும் பகலும்தான் அவர்களுக்குக் கெடு. கொழும்பில் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுக்க 27 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. நமக்குக் கெடு வைப்பது மழை.

எனவே, உயர்த்திய பாத்தி, மூடுபடை (மண்ணை மூடப் போடும் சருகு, வைக்கோல்), கூட்டெரு போன்ற வேலை முறைகளை எடுத்துக்கொள்ளலாம். பயிர்ப்பட்டியலையும் தேதியையும் விட்டுவிடுங்கள். கரட், லீக்ஸ், பீட்ரூட்டுக்கு நுவரெலியா இருக்கிறது. இங்கே கோவா நட்டால் தலை கட்டுவதற்குள் புழுவுக்குத் தீனியாகும். வேர்ப்பயிர் ஏதாவது வேண்டுமென்றால் முள்ளங்கி போடுங்கள், தாழ்நாட்டுக்கென்றே ‘பீரளு’ போன்ற இனங்கள் உண்டு.

வளவில் எந்த இடத்தைத் தெரிவு செய்வது?

ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் நேரடி வெயில் விழ வேண்டும். கீரைக்கு நான்கு போதும். இதை அளக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். செப்டெம்பர் முதல் வாரம் கொழும்பில் மதியச் சூரியன் நேரே உச்சியில் நிற்கும், மதிலுக்கு நிழலே இருக்காது. டிசம்பர் கடைசியில் அதே மதியச் சூரியன் தெற்கே ஏறத்தாழ 30 பாகை சாய்ந்துவிடும். அப்போது பாத்திக்குத் தெற்கே உள்ள 6 அடி மதிலின் நிழல் மூன்றரை அடிக்கு நீளும், 20 அடி உயரமான மாடி வீட்டின் நிழல் 12 அடி வரை விழும். ஓகஸ்டில் பளிச்சென்று இருந்த இடம், தக்காளி பூக்கும் நேரத்தில் நிழலுக்குள் போய்விடும். வீட்டுக்கும் மதிலுக்கும் வடக்குப் பக்கமாகத் தோட்டம் அமைந்தால் இந்த அளவு தூரத்தை விட்டே முதல் பாத்தியைப் போடுங்கள்.

தென்னை அடியிலிருந்து 6 அடிக்குள் கொத்த வேண்டாம், அது தென்னை பசளை குடிக்கும் வட்டம். பலா, ரப்பர், மா மரங்களின் கிளை விரிப்புக்குக் கீழே மரக்கறி சரிவராது. இஞ்சி, மஞ்சள், வல்லாரை, ரம்பைக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுக்கலாம்.

முதல் போகத்துக்கு எத்தனை பாத்தி?

நான்கு. நடைபாதையோடு சேர்த்து ஒரு பேர்ச் காணி போதும். பத்துப் பாத்தி வெட்டி ஆறைப் புல்லுக்கு விடுவதைவிட இது நல்லது.

எங்கள் காணி நிரப்பிய காணி. தோட்டம் வருமா?

முதலில் அலவாங்கால் நான்கைந்து இடங்களில் குத்திப் பாருங்கள். கடுவெல, கொலன்னாவ பக்கத்து நிரப்பிய வயல்களில் மேலே ஓரடி சிவப்பு மண், அதற்குக் கீழே உடைந்த செங்கல், கொங்கிரீட் துண்டு, அதற்கும் கீழே கறுத்த சேறு என்று இருக்கும். அலவாங்கு ஓரடிக்குள் ‘டங்’ என்று நின்றால் கீழே தோண்டப் போகாதீர்கள், மேலே உயர்த்துங்கள். கட்டட இடிபாட்டில் சீமெந்து இருப்பதால் அந்த மண்ணில் காரத்தன்மை கூடியிருக்கலாம். அங்கே பரிசோதிக்காமல் டொலமைட்டு போடுவது கெடுதல்.

உள்நாட்டுப் பக்கக் காணிகளில் பிரச்சினை வேறு. எட்டு, பத்து அங்குலத்துக்குக் கீழே கபுக் கல் (சிவந்த செம்பூரான் கல்) படை வரும். அதை உடைக்கத் தேவையில்லை.

மண் வாங்குகிறவர்களுக்கு: ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஓரடி உயரமான பாத்தி ஒன்றுக்கு 40 கன அடி வேண்டும், ஆக ஒரு கியூபில் இரண்டரைப் பாத்தி நிரம்பும். டிப்பரில் வருவது பெரும்பாலும் மேட்டை வெட்டி எடுத்த அடிமண். பார்க்கச் செக்கச்செவேல் என்று அழகாக இருக்கும், அதில் சத்து எதுவும் இராது. கொட்டுவதற்கு முன் ஒரு கை அள்ளி உடைத்துப் பாருங்கள். கறுப்புக் கொட்டை போலக் கோரைக் கிழங்கு தென்பட்டால் லொறியைத் திருப்பி அனுப்புவதுதான் புத்தி.

பாத்தியை எப்படி அமைப்பது? வடிகான் கட்டாயமா?

கட்டாயம். கொழும்பு மாவட்டத்தில் புதுத் தோட்டம் சாவது பெரும்பாலும் தண்ணி தேங்கித்தான். பூச்சியையும் விதையையும் குறை சொல்வோம், பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருக்கும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஓரடி நீளம், அகலம், ஆழத்தில் ஒரு குழி வெட்டி நிறையத் தண்ணி விடுங்கள். அது வடிந்ததும் மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியை நட்டு மட்டத்தைக் குறியுங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஓர் அங்குலம்கூட இறங்காவிட்டால் அது தண்ணி பிடிக்கும் நிலம். அங்கே பாத்தி ஒன்றரை அடி உயர வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் ஓரடி போதும்.

பாத்தியின் அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் நின்று நடு வரைக்கும் கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. நடைபாதை ஒன்றரை அடி. நடைபாதையில் மேலே இருக்கும் ஆறேழு அங்குல நல்ல மண்ணை வெட்டிப் பாத்தியில் போட்டால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்: பாத்தி உயரும், நடைபாதையே தண்ணி ஓடும் வழியாகும். பாத்தி இருக்கும் இடத்தை முதலில் மண் கிளறும் முள்ளால் (ஃபோர்க்) கிளறி நெகிழ்த்திவிட்டுத்தான் அதன்மேல் மண் போட வேண்டும். இறுகிய தரையில் மண்ணைக் குவித்தால், இரண்டுக்கும் இடையில் தண்ணி நின்று வேரை அழுக்கும்.

சரிவான காணியில், ஹங்வெல்லையிலிருந்து அவிசாவளை வரை பெரும்பாலும் அப்படித்தான், பாத்திகள் சரிவுக்குக் குறுக்காகக் கிடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, மேட்டுப் பக்கத்தில், மேலிருந்து வரும் தண்ணியை மறித்துத் திருப்ப, ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் கொண்ட ஒரு மறிகான் வெட்டுங்கள். 100 அடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் போதும். இன்னும் செங்குத்தாக விட்டால் கானே அரித்து ஆழமாகும். அதன் கீழ்க்கரையில் கிளிசிரிடியா தடிகளை ஓரடி இடைவெளியில் ஊன்றிவிட்டால் மண்ணையும் பிடிக்கும், தழைப் பசளையும் தரும்.

பாத்தி ஓரத்துக்குக் கபுக் கல், உடைந்த ஓடு, தென்னங்குற்றி எதுவும் ஆகும். முதல் பெருமழையில் ஓரம் ஓர் இடத்திலாவது சரியும். மழை விட்ட அன்றே எடுத்துக் கட்டினால் பத்து நிமிட வேலை.

கோரையும் இலுக்குப் புல்லும் நிறைந்த நிலம். எப்படி அழிப்பது?

கோரை உள்ள இடத்தில் இயந்திரத்தால் உழ வேண்டாம். மண்ணுக்குள் கிழங்குகள் ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்திருக்கும், உழும்போது சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும். முள்ளால் ஒன்பது அங்குலம் வரை கிளறி, கிழங்கைக் கையால் பொறுக்கி, சீமெந்துத் தரையில் வெயிலில் காயப் போடுங்கள். பதினைந்து நாள் கழித்து முளைப்பதை மீண்டும் பொறுக்குங்கள். இரண்டு தடவை செய்தால் அடங்கும், அடியோடு போகாது.

இலுக்கு, கினிப் புல் என்றால் அடியோடு வெட்டி, மொத்தமான காட்போட்டை ஒன்றன்மேல் ஒன்று ஆறு அங்குலம் ஏறுமாறு விரித்து நனைத்து, அதன்மேல் பாத்தி மண்ணைப் போடலாம். காட்போட்டில் ஒட்டியிருக்கும் டேப்பை உரித்துவிடுங்கள். இலுக்கின் ஈட்டி போன்ற முளை ஓரங்களில் எட்டிப் பார்க்கும், பார்த்ததும் பிடுங்க வேண்டியதுதான்.

வெட்டிய குப்பையைக் கையால் அள்ளுமுன் தடியால் தட்டுங்கள். ஈரமான சருகுக்குள் சிறு விரியன்கள் அசையாமல் படுத்திருக்கும். பூட்ஸ் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்காதீர்கள். சேற்று நிலத்தில் எலிக்காய்ச்சலுக்காகவும் பூட்ஸ் வேண்டும், காலில் புண் இருந்தால் மூடிக்கட்ட வேண்டும்.

டொலமைட்டு எவ்வளவு? சாம்பல் போதாதா?

ஈரவலய மண்ணில் மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போவதால் புளிப்பு கூடியிருக்கும். பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, 7க்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5 அளவு சாதாரணம். பெரும்பாலான மரக்கறிகளுக்கு 6க்கும் 6.5க்கும் இடையில் வேண்டும். பரிசோதனை இல்லாத நிலையில் சதுர மீற்றருக்கு 200 கிராம், அதாவது நம்முடைய பாத்திக்கு முக்கால் கிலோ டொலமைட்டைத் தூவி, ஆறு அங்குல ஆழம் வரை கலந்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் எரு. புதுக் கோழி எருவையோ யூரியாவையோ டொலமைட்டோடு ஒரே நாளில் கலந்தால் நைதரசன் அமோனியாவாகிக் காற்றில் போய்விடும். மூக்கில் ஏறுகிற அந்தக் காரம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பசளைதான்.

அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும், பொட்டாசியமும் தரும். ஆனால் அளவு பிடிபடாது. டொலமைட்டு போட்ட பாத்திக்குச் செடி ஒன்றுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

மண்ணைப் பரிசோதிக்கக் கொடுப்பதென்றால் எட்டுப் பத்து இடங்களில் ஆறு அங்குல ஆழம் வரை சமமாக வெட்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை விலக்கி, அரைக் கிலோ வரும்வரை இப்படியே குறைத்து, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். ஒரே இடத்தில் அள்ளிய மண் அந்த இடத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும்.

கூட்டெரு எவ்வளவு வேண்டும்? வாங்கும்போது எப்படிப் பார்ப்பது?

புதுப் பாத்திக்குச் சதுர மீற்றருக்கு 4 கிலோ, ஆகப் பாத்தி ஒன்றுக்கு 15 கிலோ. 50 கிலோ உரப்பையில் நிரப்பிய கூட்டெரு ஏறத்தாழ 30 கிலோ நிறுக்கும், அரைப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் ஆறு அங்குலத்தோடு மட்டும் கலக்க வேண்டும்.

விற்கிற எல்லாமே முழுதாக மக்கியது இல்லை. இரண்டு கைப்பிடியைக் கொஞ்சம் நனைத்துப் பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மழை பட்ட மண் வாசம் வந்தால் நல்லது. புளித்த நாற்றமோ அமோனியா நெடியோ அடித்தால் இன்னும் ஒரு மாதம் குவித்து வைக்க வேண்டும். அல்லது ஒரு சிரட்டையில் நிரப்பிப் பத்துப் பயறு போடுங்கள். ஐந்து நாளில் எட்டாவது முளைத்துப் பச்சையாக நிற்க வேண்டும். நகரக் கழிவிலிருந்து செய்த கூட்டெரு என்றால் கண்ணாடித் துண்டுக்காக அரித்தெடுங்கள், வெறுங்கையால் கிளறாதீர்கள்.

கோழி எரு குறைந்தது இரண்டு மாதம் மக்கியதாக இருந்தால் பாத்திக்கு 4 கிலோ வரை சேர்க்கலாம். புதிதாகப் போட்டால் நாற்றின் இலை ஓரம் எரிந்த மாதிரிக் காயும்.

எதை எப்போது நடுவது?

எல்லாவற்றையும் மழை தொடங்கியதும் ஒரே நாளில் நடுவதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. மழையோடு வளர்வது வேறு, மழையில் சாவது வேறு.

செப்டெம்பர் கடைசி வாரத்தில் வெண்டியும் பயற்றையும். பெருமழைக்கு முன் முளைத்து ஒரு சாண் வளர்ந்துவிட்டால் பிறகு தாங்கும். வெண்டி விதையை இரவு முழுக்க ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில், இரண்டடிக்கு ஒரு குழியாக, குழிக்கு இரண்டு. ‘ஹரித’ வீட்டுத்தோட்டத்துக்கு நல்ல இனம். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் முதல் காய். பயற்றையை ஊறவைக்க வேண்டாம், ஈர மண்ணில் அழுகும். ஒன்றரை அடி இடைவெளி, ஏழடிக் கம்பு. கம்பை விதைக்கிற அன்றே ஊன்றுங்கள், பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

ஒக்டோபர் முழுக்க கங்குங், பசளி, பொன்னாங்காணி, வல்லாரை. இவற்றுக்கு ஈரம் சந்தோசம். சந்தையில் வாங்கிய கங்குங் கட்டின் தண்டிலேயே முக்கால் அடித் துண்டுகளை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போக எட்டு அங்குல இடைவெளியில் ஊன்றலாம். ஒரு மாதத்தில் வெட்டலாம். சேற்று நிலத்திலிருந்து நேரே பறித்த கங்குங் என்றால் நன்றாகக் கழுவியே சமைக்க வேண்டும், அதனால்தான் பாத்தியில் வளர்ப்பது மேல். முளைக்கீரை விதை பொடி விதை, ஒரு சாறல் போதும் அடித்துக்கொண்டு போக. ஒரு பங்கு விதையோடு பத்துப் பங்கு உலர்ந்த மணல் கலந்து தூவி, முளைக்கும் வரை தென்னோலையால் மூடுங்கள். நான்காம் நாள் ஓலையைத் தூக்க மறந்தால் நாற்று வெளிறி நீளும்.

கத்தரி நாற்றை நவம்பர் நடுவில் மூன்றடிக்கு இரண்டடியாக நடலாம். ‘திண்ணவேலி பேர்ப்பிள்’, ‘பதகொட’ இரண்டும் விதை கிடைக்கிற இனங்கள். யாழ்ப்பாணத்துக் கத்தரி ருசிக்குப் பழகிய வீடுகளில் முதலாவதைத்தான் கேட்கிறார்கள்.

தக்காளியும் மிளகாயும் கடைசி. நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ மட்டும். பூத்துக் காய்க்கும் காலம் ஜனவரி, பெப்ரவரி வெயிலில் அமைய வேண்டும். ஒக்டோபரில் நட்ட தக்காளி கொழுகொழுவென்று வளரும், பூ நனைந்து கொட்டும், இலையில் கருகல் ஏறும். மிளகாய்க்கு இரண்டடிக்கு ஒன்றரை அடி, தக்காளிக்கு இரண்டரை அடிக்கு ஒன்றரை அடியும் ஊன்றுகோலும்.

பாகல், புடோல், பீர்க்குக்குப் பந்தல் வேண்டும். பந்தல் போட்ட பாத்தியின் வடக்குப் பக்கம் முழுக்க நிழல் விழும் என்பதால் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் அமையுங்கள்.

நாற்றுகள் முளைத்து ஒரு வாரத்தில் கழுத்தில் நூலாகி விழுகின்றன. ஏன்?

நாற்றழுகல் பூஞ்சணம். நெருக்கமாக விதைத்தது, பின்னேரம் தண்ணி ஊற்றியது, காற்றோட்டம் இல்லாதது, மூன்றும் சேர்ந்தால் வரும். நாற்றுமேடையில் நான்கு அங்குலத்துக்கு ஒரு கோடு கீறி விதையுங்கள், தூவாதீர்கள். விதைப்பதற்கு முன் மேடைமேல் வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பிக் காற்றுக்கு எதிர்த்திசையாக மெதுவாக எரிப்பது நம் கமக்காரர் பழக்கம், மேல் மண்ணில் உள்ள பூஞ்சணமும் களை விதையும் அதோடு போகும். நகர ஓரத்தில் புகை போட முடியாதவர்கள் தட்டில் வளர்க்கலாம்: தும்புத்தூளும் அரித்த கூட்டெருவும் சம பங்கு. தும்புத்தூளை மூன்று தண்ணியில் கழுவிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும், கழுவாததில் உப்பும் கயரும் இருக்கும்.

தக்காளி, மிளகாய் விதையை ஒக்டோபர் கடைசியில் போடும்போது மேலே மூன்றடி உயரத்தில் தெளிவான பொலித்தீன் கூரை வேண்டும். பக்கங்களை மூட வேண்டாம். தக்காளி மூன்று நான்கு வாரத்திலும் மிளகாய் ஐந்து வாரத்திலும் நடத் தயாராகும்.

நேற்று நன்றாக நின்ற கத்தரி இன்று பச்சையாகவே தலை தொங்கிவிட்டது. தண்ணி போதவில்லையா?

தண்ணி ஊற்றியும் மறுநாள் காலை நிமிரவில்லை என்றால் அது பற்றீரியா வாடல். உறுதி செய்ய அடித்தண்டைக் குறுக்காக வெட்டி, வெட்டுமுகம் கீழே இருக்கும்படி தெளிந்த தண்ணியுள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டு அசையாமல் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பால் நூல் போல வெள்ளையாக இழை இறங்கினால் அதுதான்.

மருந்து கிடையாது. செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு பிடுங்கி வளவுக்கு வெளியே அகற்றுங்கள், கூட்டெருக் குழிக்குள் போடாதீர்கள். பற்றீரியா ஓடுகிற தண்ணியோடு அடுத்த செடிக்குப் போகிறது. வடிகான் இல்லாத தோட்டத்தில் வரிசையாக வாடுவது அதனால்தான். அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் குறைந்தது மூன்று வருடம் தவிர்த்து கீரை, பயற்றை, சோளம் என்று மாற்றுங்கள். திரும்பத் திரும்ப வரும் நிலம் என்றால் சுண்டங்காய்ச் செடியின் அடித்தண்டில் ஒட்டிய கத்தரிக் கன்று தாக்குப்பிடிக்கும்.

நத்தை ஒரே இரவில் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது.

ஆபிரிக்கப் பெருநத்தை. ஒரு தடவையில் நூற்றுக்கு மேல் முட்டையிடும், மண்ணுக்குள் மிளகளவு வெளிர் மஞ்சள் மணிகளாகக் கிடக்கும். கொத்தும்போது கண்டால் நசுக்குங்கள். மழை விட்ட இரவு ஏழு மணிக்குப் பிறகு டோர்ச் வெளிச்சத்தில் பொறுக்குவதுதான் முறை. பின்னேரம் ஈரச் சாக்கை விரித்து அதன்கீழ் பப்பாசித் தோலைப் போட்டால் அங்கே வந்து கூடும். கையுறை கட்டாயம், அதன் சளியில் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும். கடும் உப்புக் கரைசல் உள்ள வாளியில் போட்டுக் கொன்று ஆழமாகப் புதையுங்கள், உப்புத் தண்ணியைப் பாத்திப் பக்கம் ஊற்றாதீர்கள். மூடுபடையைத் தண்டிலிருந்து மூன்று அங்குலம் தள்ளியே போடுங்கள், ஒக்டோபரில் தடித்த மூடுபடை நத்தைக்கு வீடு கட்டிக் கொடுப்பது மாதிரி.

மிளகாய் இலை சுருள்கிறது. பாகற்காய் உள்ளே புழு.

மிளகாய் இலை மேல்நோக்கிக் கிண்ணமாகச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டும் மழை ஓய்ந்த ஜனவரியில்தான் பெருகும். வேப்பெண்ணெய் ஒரு லீற்றருக்கு 5 மில்லிலீற்றர், சில துளி சவர்க்காரத் திரவம் சேர்த்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய வாரம் ஒரு தடவை. மேலே மட்டும் தெளித்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் அதிகம்.

பாகலில் பழ ஈ. பிஞ்சு இரண்டு அங்குலமானதும் பத்திரிகைத் தாள் கூம்பால் மூடிக் கட்டுங்கள். விழுந்த காயைக் கறுப்புப் பொலித்தீனில் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்த பிறகே புதையுங்கள், இல்லாவிட்டால் புழு மண்ணுக்குள் கூடாகி மீண்டும் ஈயாக வரும்.

குரங்கும் காட்டுப்பன்றியும் வரும் இடம்.

முழுத் தீர்வு இல்லை. கண்ணில் படுகிற காயைக் குறைத்து மஞ்சள், இஞ்சி, கறிவேப்பிலை, கீரை என்று போவது நடைமுறைக்கு ஏற்றது. பன்றிக்குக் கம்பிவலை வேலியை ஓரடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பிக்குக் கொடுப்பது சட்டவிரோதம், ஆளையும் கொல்லும்.

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் தோட்டத்தில் எதைப் பார்ப்பார்?

தேங்கிய தண்ணியை. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஏழெட்டு நாள் போதும், எனவே வாரம் ஒரு நாள் சுற்றிப் பாருங்கள். சிரட்டை, தென்னம்மட்டை, கவிழ்க்காத பூவாளி, பாத்தி ஓரத்துக்கு வைத்த மூங்கிலின் வெட்டுவாய், பொலித்தீன் கூரையின் தொய்வு, கிளிசிரிடியாத் திரவம் ஊறும் வாளி. மூங்கில் வாயை மண்ணால் அடைக்கலாம், வாளியை நுளம்பு வலையால் கட்டலாம்.

அந்தத் திரவம் செய்யும் முறையையும் கேட்பார்கள்: நறுக்கிய கிளிசிரிடியா இலை 2 கிலோ, மாட்டுச்சாணம் 1 கிலோ, தண்ணி 15 லீற்றர். தினமும் கிளறி இரண்டு வாரம் ஊறவிட்டு வடித்து, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணி சேர்த்துச் செடியடியில். நாற்றுக்கென்றால் பத்துப் பங்கு.

களனி கங்கை பெருகித் தோட்டம் மூழ்கினால்?

2016 மே, 2025 நவம்பர் வெள்ளங்களைப் பார்த்த காணிகளில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. மூழ்கிய கீரையைச் சாப்பிட வேண்டாம், மலசலகூடக் குழித் தண்ணியும் அதில் கலந்திருக்கும். வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் துளிர்ப்பதை எடுங்கள். வண்டல் படிந்த பாத்தியை உடனே கொத்தாமல், மேல்மண் வெடிக்கத் தொடங்கும் வரை பொறுத்து, வடிகானைத் திறந்துவிட்டுப் பிறகு கிளறுங்கள்.

வெள்ளவத்தையில் மாடி வீடு. எங்களுக்கு?

வல்லாரை, கறிமிளகாய், கறிவேப்பிலை. 12 அங்குலப் பை, அடியில் ஆறு துளை, கடற்காற்று படும் பக்கத்தைத் தவிர்த்து.

மழை நின்ற பிறகு எவ்வளவு தண்ணி? விதை, ஆலோசனை எங்கே?

ஜனவரியில் பாத்தி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 18 லீற்றர், அதாவது 9 லீற்றர் பூவாளியில் இரண்டு. விடிகாலையில் செடியடியில் ஊற்றுங்கள். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் அன்று தேவையில்லை. மூடுபடையைத் தடிப்பாக்க வேண்டியதும் இப்போதுதான், சருகோ வைக்கோலோ இரண்டு அங்குலம்.

விதைக்கு விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையங்கள். கடையில் வாங்கினால் பைக்கற்றில் முளைதிறன் வீதமும் காலாவதித் திகதியும் பாருங்கள். ஆலோசனைக்குத் திணைக்களத்தின் 1920 இலக்கம், அல்லது உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்கு வரும் விவசாயப் போதனாசிரியர். நோய் பற்றிக் கேட்கப் போகும்போது இலையை மட்டும் பறித்துப் போகாமல் வேரோடு ஒரு செடியைக் கொண்டு போங்கள்.